ஆன்லைன் ஆர்பிஜி: இருவர் சேர்ந்து ஆட எந்தக் கிளாஸ் எடுக்கலாம்?

ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கேரக்டரின் வேடமேற்று ஆடும் விளையாட்டு) ஒன்றுக்குள் புதிதாக நுழையும் இருவர் முதலில் கேட்பது "எது ஈஸியான கிளாஸ்?" என்றுதான். தனியாக ஆடப்போகிறவருக்கு அந்தக் கேள்வி போதும். சேர்ந்து ஆடப்போகிறவர்களுக்குப் போதாது. தனித்தனியாகப் பார்த்தால் ஈஸியாக இருக்கும் இரண்டு கிளாஸ்கள் ஜோடி சேர்ந்ததும் தடுமாறலாம். கொஞ்சம் கடினம் என்று பெயரெடுத்த ஒன்று, சரியான துணை கிடைத்தால் லகுவாக ஓடும். ஜோடியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயங்களை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்கிறதா? சண்டை கைமீறிப் போகும்போது இருவரில் ஒருவராலாவது அதைத் திரும்பப் பிடிக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் மற்றதெல்லாம் ஆட ஆடப் பழகிவிடும்.

அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம். கேரக்டர் உருவாக்கும் திரையில் பெயர், முகம், இனம் எல்லாம் வரும். அவற்றில் பெரும்பாலானவை அழகுக்கு. ஆட்டத்தின் போக்கையே தீர்மானிப்பது கிளாஸ்தான். உங்கள் கேரக்டர் வாள் பிடிக்குமா, மந்திரம் எறியுமா, எவ்வளவு அடி தாங்கும், என்ன கவசம் போடும், என்னென்ன ஸ்கில் கற்கும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். 1974-ல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் மூன்றே கிளாஸ்கள் இருந்தன: சண்டைக்காரர், மந்திரவாதி, குணப்படுத்தும் மதகுரு. இன்று வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் ஆர்பிஜியின் நவீனப் பதிப்பில் பதின்மூன்று. எண்ணிக்கை கூடினாலும், பெரும்பாலானவற்றை உரித்துப் பார்த்தால் உள்ளே அந்தப் பழைய மூவரின் சாயல் தெரியும்.

அந்த மூவரிலிருந்து வந்ததுதான் டேங்க், ஹீலர், டிபிஎஸ் என்ற பிரிவு. டேங்க் முன்னால் நின்று அடியை வாங்குபவர். ஹீலர் இழந்த உயிரை ஏற்றுபவர். டிபிஎஸ் என்றால் எதிரியைச் சீக்கிரம் வீழ்த்துவதே வேலையாக இருப்பவர். 1999-ல் வந்த எவர்குவெஸ்ட் என்ற ஆன்லைன் ஆர்பிஜியில் இந்தப் பங்கீடு வேரூன்றியது. 2004-ல் வார்கிராஃப்ட் வந்தபின் அதுவே ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுமொழி ஆகிவிட்டது.

புதியவர்கள் பலருக்குப் பிடிபடாத ஒரு சங்கதி இதற்குள் இருக்கிறது. மான்ஸ்டர் யாரை அடிக்கும் என்பது குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. ஒவ்வொரு மான்ஸ்டரும் தனக்குள் ஒரு கோபக் கணக்கு வைத்திருக்கும். யார் அதிகம் அடிக்கிறார்களோ, யார் அடிபட்டவரைக் குணப்படுத்துகிறார்களோ அவர்கள் மேல் கோபம் ஏறும். கணக்கில் உச்சத்தில் இருப்பவரை நோக்கி அது திரும்பும். ஆட்டக்காரர்கள் இதைத்தான் அக்ரோ என்கிறார்கள். டேங்க் கிளாஸ்களுக்கு இந்தக் கோபத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் ஸ்கில்கள் உண்டு. "நான் தூரத்தில்தானே நிற்கிறேன், என்னை ஏன் துரத்துகிறது?" என்று மந்திரவாதி கேட்டால் பதில் இதுதான்: டேங்க் கோபத்தைச் சம்பாதிப்பதற்குள் நீங்கள் பலமாக அடித்துவிட்டீர்கள். முதல் சில நொடிகள் பொறுத்து அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டு பேர் என்பது ஐந்து பேரின் சுருக்கம் அல்ல

வார்கிராஃப்ட்டில் டன்ஜனுக்கு (குழுவாகப் புகுந்து எதிரிகளை வீழ்த்தும் இடம்) ஐந்து பேர் போவார்கள்: ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டிபிஎஸ். ஃபைனல் ஃபேன்டஸி XIV-ல் நான்கு பேர்: ஒரு டேங்க், ஒரு ஹீலர், இரண்டு டிபிஎஸ். இதைப் பார்த்துவிட்டு, "நாம் இருவர்தானே, ஒருவர் டேங்க், ஒருவர் ஹீலர் எடுத்தால் சரி" என்று முடிவெடுப்பவர்கள் ஏராளம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து பேர் அமைப்பில் எதிரியை உண்மையில் வீழ்த்துவது மற்ற மூவர். அவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, சாகாத ஆனால் கொல்லவும் தெரியாத இருவர்.

இன்னொன்றும் உண்டு. இருவரும் சேர்ந்து செலவிடப்போகும் நேரத்தில் பெரும்பகுதி டன்ஜனுக்குள் போவதில்லை. திறந்தவெளியில் ஓநாய் அடிப்பது, கொள்ளையர் முகாமைக் காலி செய்வது, கொடுத்த க்வெஸ்ட்டை (வேலையை) முடிப்பது என்றுதான் போகும். அங்கே வரும் மான்ஸ்டர்கள் தனியாள் ஒருவரே சமாளிக்கும் அளவுக்குத்தான் பலமுள்ளவை. இருவர் போனால் பெரிய அடி விழுவதற்குள் அவை செத்துவிடும். முழுநேர ஹீலருக்கு அங்கே குணப்படுத்த ஒன்றுமே இருக்காது. வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பவர் சீக்கிரம் சலிப்படைவார். நல்ல ஜோடி உடைவதற்கு மான்ஸ்டரைவிடச் சலிப்புதான் அதிகம் காரணமாகிறது.

மறுகோடியில், அடி மட்டுமே தெரிந்த இருவர். கிளாசிக் வார்கிராஃப்ட்டில் (பழைய வார்கிராஃப்ட்டைத் திரும்பக் கொண்டுவந்த பதிப்பு) வாரியரும் ரோகும் (மறைந்து தாக்குபவர்) சேர்ந்தால் பார்க்க அட்டகாசமாக இருக்கும். இருவரும் நெருங்கி நின்று வெட்டுவார்கள், எதிரி சட்டென்று விழும். மூன்று எதிரிகள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் கதை மாறும். குணப்படுத்த ஆளில்லை, தூரத்தில் நிறுத்திவைக்க வழியில்லை, செத்தவரை எழுப்ப மந்திரமில்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் உட்கார்ந்து சாப்பிட்டு, பேண்டேஜ் சுற்றி உயிரை ஏற்ற வேண்டும். அனுபவசாலிகளுக்கு இதில் ஒரு கிக் உண்டு. முதல்முறை ஆடுகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். இரண்டு மேஜ்களும் (மந்திரவாதிகளும்) இதே மாதிரிதான்: கை ஓங்கியிருக்கும்வரை ஓஹோ, எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் துணிக் கவசம் எதற்கும் ஆகாது.

ஆக, இருவருக்குப் பொருந்துவது நடுவில் இருக்கிறது. அடிக்கவும் தெரிந்து, கூடவே கொஞ்சம் தாங்கவோ கொஞ்சம் குணப்படுத்தவோ தெரிந்த ஒரு கலப்பு கிளாஸ். அதன் பக்கத்தில் பலமாக அடிக்கும் ஒரு நேரடி கிளாஸ். நான் முதலில் கைகாட்டுவது இந்த அமைப்பைத்தான்.

பாலடினும் மேஜும்

ஒரு ஜோடியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கிளாசிக் வார்கிராஃப்ட்டில் மனித இனத்தில் ஒரு பாலடின் (குணப்படுத்தவும் தெரிந்த போர்வீரர்), ஒரு மேஜ். இருவரும் ஒரே இடத்தில், நார்த்ஷயரில் பிறக்கிறார்கள். எட்டாம் லெவலில் எல்வின் காட்டின் ஜாஸ்பர்லோட் சுரங்கத்துக்குள் நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தலையில் மெழுகுவர்த்தியோடு திரியும் கோபோல்டுகள், இரண்டு இரண்டாக.

மேஜ் ஒரு கோபோல்டின் மேல் பாலிமார்ஃப் போடுகிறார். அது ஆடாக மாறி மே என்று சுற்றிக்கொண்டிருக்கும். இந்த மந்திரம் அவருக்குக் கிடைப்பதே எட்டாம் லெவலில்தான். மற்றொன்று ஓடிவரும்போது பாலடின் முன்னால் போய் நிற்கிறார். அவர் இரண்டு மூன்று அடி அடித்து அதன் கோபத்தைத் தன்மேல் இழுத்த பிறகு மேஜ் ஃப்ராஸ்ட்போல்ட்டை எறிகிறார். அது வலிக்கவும் செய்யும், எதிரியின் நடையையும் தளர்த்தும். உயிர் கொஞ்சமாக இருக்கும்போது கோபோல்டு திரும்பி ஓடப் பார்க்கும். ஓடவிட்டால் உள்ளே இருக்கும் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். சுரங்கத்தில் புதியவர்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். பாலடினிடம் அதே எட்டாம் லெவலில் ஹாமர் ஆஃப் ஜஸ்டிஸ் வருகிறது. ஓடுவதைச் சில நொடிகள் உறையவைத்தால் போதும், மேஜின் அடுத்த மந்திரம் அதை முடித்துவிடும். பிறகு ஆட்டுக்கு வருவார்கள். ஆடாக இருக்கும்வரை அதன் உயிர் மளமளவென்று ஏறும், முதல் அடி விழுந்ததும் மந்திரம் கலையும். அதனால் முதல் ஆளை முடிக்கும்வரை அதைத் தவறியும் தொடக்கூடாது என்பதை இருவரும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

சண்டை முடிந்ததும் பாலடின் ஹோலி லைட் போட்டு இருவர் உயிரையும் ஏற்றுகிறார். மேஜ் நான்காம் லெவலிலிருந்து தண்ணீரும் ஆறாம் லெவலிலிருந்து ரொட்டியும் மந்திரத்தாலேயே வரவழைப்பார். இருவரும் உட்கார்ந்து குடித்தால், மந்திரம் போடத் தேவையான மானா என்ற சக்தி நிரம்பும். ஒரு செம்புக்காசு செலவில்லை. மேஜின் ஆர்கேன் இன்டலெக்ட் பாலடினின் மானாவைக் கூட்டும். பதினான்காம் லெவலில் பாலடின் கற்கும் பிளெஸ்ஸிங் ஆஃப் விஸ்டம் மேஜின் மானாவை ஊறவைக்கும். பன்னிரண்டாம் லெவல் வாக்கில் செத்தவரை எழுப்பும் மந்திரமும் பாலடினுக்கு வந்துவிடும். அதுவரை செத்தவர் ஆவியாகக் கல்லறையிலிருந்து தன் உடல் கிடக்கும் இடத்துக்கு ஓடித்தான் வர வேண்டும்.

இந்த ஜோடி எனக்குப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆரம்ப லெவல்களில் பாலடினுக்கு அழுத்த வேண்டிய பட்டன்கள் மிகக் குறைவு. வாள் தானாகவே வீசிக்கொண்டிருக்கும். அந்த ஓய்வில் அவர் சுற்றிலும் கண்ணோட்டி, யார் உயிர் குறைகிறது, எங்கிருந்து என்ன வருகிறது என்று பார்க்கலாம். கவனத்துக்கு மிச்சம் வைக்கும் கிளாஸ் ஒன்று ஜோடியில் இருந்தே ஆக வேண்டும்.

ஹீலரைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள்

இருவரில் ஒருவர் ஏற்கெனவே ஆடியவர், மற்றவர் முதல்முறை என்பது மிகச் சகஜம். அண்ணன் பல வருடமாக ஆடுகிறார், தங்கையைக் கூப்பிடுகிறார். அல்லது கணவர் மனைவியையோ மனைவி கணவரையோ அழைக்கிறார். அப்போது பழையவர் வாயிலிருந்து வருவது: "நீ ஹீலர் எடுத்துக்கோ, பின்னாடி நின்னா போதும்." இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்.

பின்னால் நிற்பது பாதுகாப்பு, வேலையோ நேரெதிர். ஹீலர் தன் கேரக்டரைப் பார்த்தால் போதாது. துணையின் உயிர்க்கோட்டைப் பார்க்க வேண்டும், எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறது என்று ஊகிக்க வேண்டும், மந்திரம் முடிய எடுக்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டும், மானா தீராமலும் காக்க வேண்டும். கேமராவைத் திருப்பவே தடுமாறும் ஒருவருக்கு இது பெருஞ்சுமை. அதைவிட முக்கியமாக, அவர் கண்ணுக்கு ஆட்டமே தெரியாது. பச்சைக்கோடு ஏறுவதும் இறங்குவதும்தான் தெரியும். துணை செத்தால் பழி அவர்மேல், ஜெயித்தால் பாராட்டு துணைக்கு. இரண்டு நாளில் "எனக்கு இது வராது" என்று எழுந்து போய்விடுவார்.

புதியவருக்குக் கொடுக்க வேண்டியது, தான் செய்வதன் பலன் கண்ணெதிரே தெரியும் கிளாஸ். வில்லை இழுத்தால் அம்பு பாய வேண்டும், எதிரி விழ வேண்டும். தாங்கும் வேலையும் காக்கும் வேலையும் பழையவர் பொறுப்பு. அவருக்குத்தான் எந்த மூலையில் எந்தக் கூட்டம் நிற்கிறது, எப்போது பின்வாங்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். ஒரு நிபந்தனை: பழையவர் முன்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் தானே முடித்துவிடக் கூடாது. புதியவரே வழிநடத்தட்டும், பழையவர் அரையடி பின்னால் வரட்டும். பாலடின் போன்ற கலப்பு கிளாஸ் இதற்கும் தோதானது, வேண்டும்போது கைகொடுத்து, வேண்டாதபோது ஒதுங்கி நிற்கலாம்.

புதியவருக்கே குணப்படுத்தும் ஆசை இருந்தால் அது வேறு. மற்றவரைக் காப்பாற்றுவதில்தான் சிலருக்கு மகிழ்ச்சி. அப்படிப்பட்டவர் ப்ரீஸ்ட் (குணப்படுத்தும் மதகுரு) எடுக்க, துணை வாரியர் எடுத்தால் அது கிளாசிக்கில் மிகப் பலமான ஜோடிகளுள் ஒன்று. வாரியர் அடிப்பதாலும் அடிபடுவதாலும் ரேஜ் என்ற சக்தி ஏறும். அதைக்கொண்டுதான் அவரால் ஸ்கில்களைப் பயன்படுத்த முடியும். தனியாக ஆடும் வாரியர் சண்டைக்குச் சண்டை உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும். பின்னால் ப்ரீஸ்ட் இருந்தால் நிற்காமல் அடுத்த எதிரி, அடுத்த எதிரி என்று போய்க்கொண்டே இருப்பார். ப்ரீஸ்ட்டுக்குச் சலிப்புத் தட்டாமலிருக்க வாண்ட் என்ற மந்திரக்கோல் கைவசம் இருக்கட்டும். மானா செலவில்லாமல் அவரும் தொடர்ந்து அடித்துக்கொண்டிருக்கலாம்.

கூடவே ஒரு விலங்கு

இருவர் இருக்கும் இடத்தில் மூன்றாவது உடல் ஒன்று கிடைத்தால் அது பெரிய வரம். ஹன்டரின் வளர்ப்பு மிருகம், வார்லாக்கின் பேய் இரண்டும் அதைத் தருகின்றன. மிருகம் முன்னால் போய் அடி வாங்கும்போது இருவருமே தூரத்தில் நின்று தாக்கலாம். முதல்முறை ஆடுகிறவருக்கு ஹன்டரைப் போல் மன்னிக்கும் கிளாஸ் குறைவு. தவறு செய்தால் முதலில் மிருகம் சாகும், நீங்கள் ஓடித் தப்பிக்க நேரம் இருக்கும்.

கிளாசிக்கில் ஒரு எச்சரிக்கை: மிருகத்தைப் பழக்கும் வித்தை பத்தாம் லெவலில்தான் வரும். அதற்கு முன் ஹன்டர் வெறும் வில்லாளி. மிருகத்துக்குத் தீனி போட வேண்டும், அம்பு வாங்கிப் பையில் அடுக்க வேண்டும். நவீனப் பதிப்பில் முதல் லெவலிலேயே மிருகம் கூட வருகிறது, அம்பு வாங்கும் தொல்லையும் இல்லை. வார்லாக்குக்குப் பத்தாம் லெவல் வாக்கில் கிடைக்கும் வாய்ட்வாக்கர் என்ற நீலநிறப் பேய் அடிதாங்குவதற்கென்றே பிறந்தது. வார்லாக் தன் துணையின் மேல் சோல்ஸ்டோன் போட்டுவைத்தால் அவர் செத்தாலும் அங்கேயே எழலாம். ப்ரீஸ்ட்டின் மேல் அதைப் போட்டுவைத்தால் ஒருவர் எழுந்து மற்றவரையும் எழுப்பிவிடுவார். ஆனால் வார்லாக்கின் புகழ்பெற்ற அழைப்பு மந்திரத்துக்கு மூன்று பேர் வேண்டும். இருவர் மட்டும் ஆடும்போது அதை நம்பி வார்லாக் எடுக்காதீர்கள்.

இருவரும் ஒரே கிளாஸ் எடுத்தால் என்ன? தாராளமாக எடுக்கலாம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. இரண்டு ஹன்டர் என்றால் களத்தில் நான்கு உடல். இரண்டு பாலடின் என்றால் ஒருவர் வீழ்ந்தாலும் மற்றவர் எழுப்புவார். இருவரும் புதியவர்களாக இருந்தால் இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஒருவர் கண்டுபிடித்த நுணுக்கம் மறுநிமிடமே மற்றவருக்கும் பயன்படும். "இந்த ஸ்கில் எதுக்கு?" என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கும். விலை என்னவென்றால், நல்ல வில் ஒன்று கிடைத்தால் இருவருக்கும் அது வேண்டும்.

ஆட்டம் மாறினால் கணக்கும் மாறும்

இதுவரை சொன்னது வார்கிராஃப்ட்டை மையமாக வைத்து. ஃபைனல் ஃபேன்டஸி XIV-ல் ஒரே கேரக்டர் எல்லாக் கிளாஸையும் கற்றுக்கொள்ளலாம். முதல் கிளாஸில் பத்தாம் லெவலும் அதற்கான க்வெஸ்ட்டும் முடிந்ததும் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். ஆயுதத்தை மாற்றினால் கிளாஸ் மாறிவிடும். அதனால் தவறான கிளாஸ் என்ற பயம் இங்கே பாதிகூட இல்லை. ஆனால் வேறொரு பொறி இருக்கிறது. நீங்கள் எடுக்கும் முதல் கிளாஸ்தான் எந்த நகரத்தில் தொடங்குவீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆர்ச்சர், லான்சர், கான்ஜுரர் எடுத்தால் கிரிடானியா. மரோடர், ஆர்கானிஸ்ட் என்றால் லிம்சா லொமின்சா. கிளாடியேட்டர், ப்யூஜிலிஸ்ட், தாமடர்ஜ் என்றால் உல்டா. ஒருவர் கிளாடியேட்டரும் மற்றவர் கான்ஜுரரும் எடுத்தால், டேங்க், ஹீலர் என்று ஜோடி பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் பதினைந்தாம் லெவல் வாக்கில் கதை ஒன்றுசேரும்வரை இருவரும் வெவ்வேறு ஊரில் வெவ்வேறு க்வெஸ்ட் செய்துகொண்டிருப்பார்கள். சேர்ந்து ஆட வந்தவர்களுக்கு இதைவிட ஏமாற்றம் வேறில்லை.

இங்கே என் தேர்வு மரோடரும் ஆர்கானிஸ்ட்டும். இருவருக்கும் ஒரே துறைமுக நகரம். மரோடர் கோடரி பிடித்த டேங்க், ஆர்கானிஸ்ட் புத்தகம் பிடித்த மந்திரவாதி. அந்த ஆர்கானிஸ்ட்டிடமே சின்னதாகக் குணப்படுத்தும் மந்திரம் ஒன்றும், பன்னிரண்டாம் லெவலில் விழுந்தவரை எழுப்பும் மந்திரமும் இருக்கின்றன. முப்பதாம் லெவலில் அவர் சம்மனராகவும் ஆகலாம், ஸ்காலராகவும் ஆகலாம். முன்னது அடிப்பது, பின்னது முழு ஹீலர். லெவல் இரண்டுக்கும் பொது. குணப்படுத்துவது தனக்குப் பிடிக்குமா என்பதை ஆரம்பத்திலேயே முடிவுசெய்ய வேண்டாம், ஆடிப் பார்த்துப் பிறகு தீர்மானிக்கலாம் என்பது புதியவருக்கு எவ்வளவு பெரிய சலுகை! டன்ஜனுக்குப் போக வரிசையில் நிற்கும்போது டேங்க் ஒருவர் கூட இருந்தால் அழைப்பும் சீக்கிரம் வரும். மீதி இடங்களை முன்பின் தெரியாதவர்கள் நிரப்புவார்கள். புதியவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னத் துளிர் அடையாளம் ஒன்று தெரியும், அதைப் பார்த்துப் பெரும்பாலானவர்கள் பொறுமையாகவே நடந்துகொள்வார்கள். இலவச ட்ரையலில் தொடங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் பார்ட்டியில் (குழுவில்) சேர முடிந்தாலும் தானாகப் பார்ட்டி தொடங்க முடியாது என்ற கட்டுப்பாடு நெடுநாளாக இருந்துவந்தது. தற்போதைய விதியைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கதையில் சில இடங்களை ஒவ்வொருவரும் தனியாகத்தான் கடக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

2012-ல் வந்த கில்டு வார்ஸ் 2-ல் எல்லாக் கிளாஸுக்குமே தன்னைக் குணப்படுத்தும் ஸ்கில் ஒன்று கட்டாயம் உண்டு. உயிர் தீர்ந்ததும் உடனே செத்துவிட மாட்டீர்கள். தரையில் விழுந்து, அங்கிருந்தே போராடும் நிலை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் கைகொடுத்துத் தூக்கிவிடலாம், விழுந்தவரே ஒரு எதிரியை முடித்தாலும் எழுந்துவிடுவார். உயர்ந்த லெவல்காரர் தாழ்ந்த பகுதிக்குப் போனால் அவர் பலத்தை ஆட்டமே குறைத்துவிடும். கிடைக்கும் பொருள் அவரவர்க்குத் தனி, வெட்டும் மரமும் தோண்டும் தாதும்கூட அப்படியே. இவ்வளவு வசதி இருப்பதால் இங்கே எந்த ஜோடியும் ஓடும். ஆரம்பத்துக்கு நெக்ரோமேன்சரும் ரேஞ்சரும் சுகம். நெக்ரோமேன்சருக்கு உயிர் அதிகம், அதற்குமேல் இரண்டாவது உயிர்க்கோடு போல ஒரு நிழல் வடிவமும் உண்டு. ரேஞ்சருக்குக் கூடவே விலங்கு. எலிமென்டலிஸ்ட்டை மட்டும் முதல் கேரக்டராக எடுக்க வேண்டாம். உயிர் குறைவு, கவசம் மெல்லியது, நெருப்பு, நீர், காற்று, மண் என்று நான்கு தொகுதி ஸ்கில்களை மாற்றி மாற்றி ஆட வேண்டும்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் எந்தக் கிளாஸும் எந்தக் கவசமும் போடலாம், எந்தப் பங்கும் ஏற்கலாம். 2016 அக்டோபரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு லெவல் இடைவெளியும் அங்கே அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. ஒருவருக்கு நாளைக்கு மூன்று மணி நேரம், மற்றவருக்கு வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்ற நிலைமை இருந்தால் இந்த மாதிரி ஆட்டங்களே ஜோடியைக் காப்பாற்றும். கிளாஸ் என்ன என்பதெல்லாம் அப்புறம்.

கிளாசிக் வார்கிராஃப்ட்டில் அந்தக் கருணை கிடையாது. இருவராகக் கொன்றால் அனுபவப்புள்ளி பாதிப் பாதியாகப் பிரியும். லெவல் வித்தியாசம் இருந்தால் உயர்ந்தவருக்குப் பெரும்பங்கு போகும். "பத்துப் பேரைக் கொல்" என்ற க்வெஸ்ட் இருவருக்கும் சேர்ந்தே எண்ணப்படும். "பத்துத் தோல் கொண்டுவா" என்றால் இருவருக்குமாக இருபது சேர்க்க வேண்டும். ஒருவர் தனியாக ஐந்து லெவல் முன்னேறிவிட்டால் ஜோடி கலைந்தது என்றே அர்த்தம். இதற்கு நான் சொல்லும் வழி, சேர்ந்து ஆடுவதற்கென்று ஒரு கேரக்டரை ஒதுக்கிவிடுவது. மற்றவர் இல்லாத நேரத்தில் அதைத் தொடவே கூடாது. ஆட ஆசையாக இருந்தால் வேறொரு கேரக்டரில் ஆடிக்கொள்ளுங்கள்.

கவசத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வார்கிராஃப்ட்டில் துணி, தோல், சங்கிலி, தகடு என்று நான்கு வகை. மேஜ், வார்லாக், ப்ரீஸ்ட் மூவருக்கும் துணி. ரோக், ட்ரூயிடுக்குத் தோல். இருவருடைய கவசமும் வேறுவேறாக இருந்தால் கிடைப்பது எதுவும் வீணாகாது, "இது உனக்கா எனக்கா" என்ற பேச்சும் எழாது. கைத்தொழிலையும் அப்படியே பங்கிடலாம். ஒருவர் தையல் கற்றால் இருவருக்கும் பைகள் தைத்துத் தருவார். ஆரம்பத்தில் பணத்தைவிடப் பையில் இடம்தான் தட்டுப்பாடு என்பதால் இது சின்ன உதவியில்லை. மற்றவர் மூலிகை பறித்து மருந்து காய்ச்சட்டும்.

கேரக்டர் உருவாக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். இருவரும் ஒரே சர்வரா? கிளாசிக் போல அணிகள் பிரிந்த ஆட்டமென்றால் இருவரும் ஒரே அணியா? தொடங்கும் ஊர் ஒன்றுதானா? கிளாசிக் வார்கிராஃப்ட்டில் அதை இனம் தீர்மானிக்கிறது, ஃபைனல் ஃபேன்டஸியில் கிளாஸ். மனிதரும் நைட் எல்ஃபும் சேர்ந்து ஆட ஆசைப்பட்டால் கடல் தாண்டித்தான் சந்திக்க வேண்டியிருக்கும்.

பத்தாம் லெவல்வரை ஆடிப் பார்த்துவிட்டு ஒருமுறை மனம்விட்டுப் பேசுங்கள். அந்த லெவலுக்குள் ஒரு கிளாஸின் குணம் ஓரளவு தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் மாற்ற ஏற்ற நேரம் அதுதான், இழப்பு சில மணி நேரம் மட்டுமே. பேசும்போது "உன் கிளாஸ் பலமா?" என்று கேட்காதீர்கள். "சண்டையில் உனக்குச் செய்ய ஏதாவது இருக்கா? நான் சாகப்போறப்ப உன்னால ஏதாவது பண்ண முடியுதா?" என்று கேளுங்கள். இரண்டில் எதற்காவது இல்லை என்று பதில் வந்தால், இருவரில் ஒருவர் கிளாஸை மாற்றிக்கொண்டு மறுபடி முதல் லெவலிலிருந்து ஆரம்பிக்கலாம். அப்போது மற்றவரும் புதிய கேரக்டர் ஒன்றைத் தொடங்கிக் கூடவே வரட்டும்.